கல்லெடுத்த கை – 4: களிமண்ணுக்குள் வந்த மலை

சென்ற வாரம் பல்லாவரத்தில் நிறுத்தியிருந்தோம். 1863 மே 30. ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழி. குழியிலிருந்து வாரிக் கொட்டிய கற்களுக்கு நடுவே ஒரு கல்லைக் குனிந்து எடுக்கிறார் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாண்டுகூட ஆகாத 28 வயது இளைஞர். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செய்த கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று நான்காண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்து அறிஞர்கள் உறுதி செய்திருந்தார்கள். அந்தச் செய்தி அவர் மனதில் இருந்தது. அதனால்தான் சரளையில் கிடந்த கல் அவர் கண்ணுக்குக் கருவியாகத் தெரிந்தது.

ஒரே ஒரு கல். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றை மாற்றி எழுத முடியுமா?

முடியாது என்பது ஃபூட்டுக்கும் தெரியும். பல்லாவரம் கருவி கிடைத்தது தோண்டிக் கொட்டிய குவியலில். அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று எவரும் கேட்கலாம். மண்ணுக்குள், கை படாத அடுக்கில், பதிந்தபடியே ஒரு கருவியைக் கண்டாக வேண்டும்.

அந்த நாளுக்கு அவர் நான்கு மாதம் காத்திருந்தார்.

ஓடைக்கரையில்

1863 செப்டம்பர் 28. ஃபூட்டுக்கு 29 வயது நிறைந்து ஆறு நாள் ஆகியிருந்தது. உடன் இருந்தவர் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம். இன்று திருவள்ளூர் மாவட்டம். பூண்டி ஏரி அப்போது கிடையாது. அது வருவதற்கு இன்னும் 80 ஆண்டுகள் இருந்தன.

ஊருக்கு அருகே மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடை. அதன் கரைகள் செங்குத்தாக அறுபட்டிருந்தன. நிலவியலாளருக்கு இப்படி அறுபட்ட கரைதான் புத்தகம். மேலே மண், அதற்குக் கீழே செம்மண் கலந்த சரளை, அடியில் வெளிறிய களிமண்.

ஓடைக்குள் இறங்கியவர்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கருவிகள் கிடந்தன. மழை அறுத்துப் போட்டவை ஓடைத் தரையில்; இன்னும் விழாதவை கரையின் சரளை அடுக்கிலேயே பதிந்தபடி. பல்லாவரத்தில் எழுந்த கேள்விக்கு இந்தக் கரை பதில் சொல்லிவிட்டது.

துளிவடிவத்தில், இரண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனை கூராக, மறுமுனை உள்ளங்கைக்கு அடங்கும்படி பருமனாக. கைக்கோடாரி என்று இன்று நாம் சொல்லும் வடிவம். ஒன்றல்ல, பல. எல்லாமே ஒரே வகைக் கல்லில்.

குவார்ட்சைட்.

இந்தச் சொல்லைக் கடந்து போய்விடாமல் இங்கே கொஞ்சம் நிற்போம். கருவியின் வடிவத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்கள் கல்லைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில், அந்த ஆதி மனிதர்களின் அறிவை முதலில் காட்டுவது வடிவம் அல்ல. எந்தக் கல்லை எடுத்தார்கள் என்பதுதான்.

எது கல்?

பல்லாவரம் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது சார்னகைட் என்னும் கருநீலப் பாறை. கட்டடத்துக்கும் சாலைக்கும் உயிர்போல உழைக்கும் கல். ஆனால் பெரிய பெரிய படிகங்கள் கோத்த பாறை அது. அடித்தால் பிளவு படிகத்துக்குப் படிகம் திசைமாறி ஓடும். நேர்த்தியான கத்திமுனை அதில் எளிதில் வராது. அந்த மலையடிவாரத்திலேயே கிடைத்தாலும், ஃபூட் எடுத்த கருவி அந்த மலைக் கல்லில் செய்ததல்ல. அதுவும் குவார்ட்சைட்தான்.

குவார்ட்சைட் பிறந்த கதை எளிது. ஒரு காலத்தில் அது வெறும் மணல். மணல் இறுகி மணற்பாறை ஆனது. பூமிக்குள் அழுத்தமும் சூடும் ஏற, மணிக்கு மணி இருந்த இடைவெளியையெல்லாம் சிலிக்கா அடைத்து ஒட்டிவிட்டது. ஒட்டு எவ்வளவு வலுவென்றால், சாதாரண மணற்பாறையில் பிளவு மணிகளைச் சுற்றி வளைந்து ஓடும். குவார்ட்சைட்டில் மணியையே அறுத்துக்கொண்டு நேராக ஓடும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல வழவழவென்று வளைந்து வரும். அதன் ஓரம் தோலையும் தசையையும் அறுக்கும்.

அத்திரம்பாக்கத்துக்கு இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

மேற்கே அல்லிக்குழி மலை இருக்கிறது. அங்கே குடியம் குகைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். முள்காட்டுக்குள் நடந்து களைத்து, சட்டென்று வாய் திறந்து நிற்கும் அந்தப் பாறைக் குடைவுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க உருண்டைக் கற்கள். எலுமிச்சம்பழ அளவு, தேங்காய் அளவு, அதற்கும் பெரிய அளவு. வெல்லப்பாகில் வேர்க்கடலை ஒட்டி நிற்கும் கடலைமிட்டாயைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. தலைக்கு மேலே எப்போது விழுமோ என்று ஒரு கணம் தோளைக் குறுக்கிக்கொள்வோம்.

நிலவியலாளர் இதை உருள்திரள் பாறை என்பார்கள். அந்த உருண்டைகளின் தாய்வீடு கடப்பை மலைத்தொடர்களின் குவார்ட்சைட். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான பாறை. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் ஆறுகள் அதை உடைத்து, உருட்டி, மழமழப்பாக்கி இங்கே கொண்டுவந்து கொட்டின. மண்ணோடு சேர்ந்து இறுகி மலையானது. பிறகு அந்த மலையும் மழையில் கரைந்து, கற்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

உடைந்து, உருண்டு, மோதி வந்த பயணத்தில் பலவீனமான கற்களெல்லாம் வழியிலேயே நொறுங்கிப்போயின. மிஞ்சியவை திடமானவை. கருவி செய்ய வருகிறவனுக்கு முன்னால் ஆறே ஒருமுறை கல்லைச் சோதித்து வைத்திருந்தது.

ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தபோது

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. கையால் தெரிந்துகொள்வது வேறு. தொல்லியல் படிக்கும் இளைஞர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தொல்லியல் இடத்திலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. நாங்கள் எடுத்தது வீடு கட்டக் கொட்டியிருந்த கூழாங்கல் குவியலில், உரிமையாளரைக் கேட்டு.

நான் ஆசையாக எடுத்த முதல் கல் வெள்ளை வெளேரென்று மின்னியது. ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அது.

“அது வேணாம்ணா, நொறுங்கிடும்” என்றார். அடித்துக் காட்டினார். கல்கண்டுபோலச் சிதறியது.

அடுத்து பழுப்பு நிறத்தில் ஒரு கல். அதை இடது உள்ளங்கையில் தளர்வாக வைத்து, இன்னொரு கல்லால் லேசாகத் தட்டச் சொன்னார். சொத்தென்று ஒரு சத்தம். “உள்ள விரிசல் இருக்குண்ணா. அடிச்சா நீங்க நெனச்ச இடத்துல உடையாது. அது நெனச்ச இடத்துல உடையும்.”

மூன்றாவது கல் தட்டியவுடன் கணீரென்றது.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளி வைக்கும் முன் பாறையைத் தட்டி, அது எழுப்பும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல், அலி கல் என்று பிரிப்பார்கள். அந்தக் காது எவ்வளவு பழையது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கல்லுக்குள் புகுந்து பார்க்கக் கண்ணால் முடியாது. ஓசைதான் புகுந்து பார்த்துச் சொல்லும்.

பிறகு அடி. நான் கல்லின் நடுவில் ஓங்கி அடித்தேன். மணிக்கட்டு அதிர்ந்ததுதான் மிச்சம். ஆறு உருட்டிய உருண்டையில் எங்கே அடித்தாலும் விசை உள்ளேயே அடங்கிவிடுகிறது. அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக, ஓரம் செங்கோணத்துக்கும் குறைவான சரிவில் திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஓரத்துக்கு ஒரு விரல்நுனி உள்ளே தள்ளி, சுத்திக்கல்லைச் சாய்வாக இறக்கினார். பெரிய பலம் ஒன்றும் இல்லை. கை தன் பாரத்தில் விழுந்தது, அவ்வளவே.

டக்.

கீழ்ப்பக்கமிருந்து ஒரு சில்லு கழன்று அவர் விரல்களில் தங்கியது. அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு, அதிலிருந்து நீரலைபோல் விரியும் மெல்லிய வளையங்கள். மனிதக் கை அடித்த அடிக்கு அடையாளம் இந்தப் புடைப்புதான். தானாக உடைந்த கல்லையும் மனிதர் உடைத்த கல்லையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். சில்லின் வெளிமுகத்தில் ஆறு தேய்த்த பழுப்புத் தோல். உள்முகம் புத்தம் புதிய சாம்பல் நிறம். ஓரத்தை ஒரு காகிதத்தில் இழுத்துப் பார்த்தேன். காகிதம் சத்தமில்லாமல் இரண்டாயிற்று.

சில்லு கழன்ற பள்ளத்தின் ஓரம் அடுத்த அடிக்கு மேடையாகிவிடுகிறது. திருப்பி, மறுபக்கம் ஒன்று. மீண்டும் திருப்பி ஒன்று. ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இடம் செய்து கொடுக்க வேண்டும். இரண்டு அடி முன்னே யோசிக்காதவன் மூன்றாவது அடியில் மாட்டிக்கொள்வான். நான் மாட்டிக்கொண்டேன். என் கல் குட்டையாகி, ஓரமெல்லாம் மழுங்கி, எங்கும் அடிக்க இடமில்லாமல் நின்றது.

வேலை முடிந்ததும் விரித்திருந்த தார்ப்பாயை அவர் நான்கு மூலையும் சேர்த்து மடித்து, ஒரு சில்லு விடாமல் அள்ளி எடுத்துக்கொண்டார். “இத இங்கயே விட்டா, நாளைக்கு வர்ற ஆய்வாளர் பழைய சில்லுன்னு ஏமாந்துருவாருண்ணா.” அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

யாரும் நம்பாத களிமண்

ஃபூட்டுக்குத் திரும்புவோம். அத்திரம்பாக்கத்துக்குப் பின் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் தென்னிந்தியா முழுக்கக் கருவிகளைச் சேகரித்தார். 1904இல் அந்தத் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. எழும்பூருக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். செம்மண் கறை ஏறி, தேநீர் நிறத்தில் இருக்கும் கைக்கோடாரிகள். இந்த வகைக் கருவி மரபுக்கு அறிஞர்கள் வைத்த பெயரே மெட்ராஸ் மரபு. 1930களில் வெளிநாட்டுக் குழு வந்தது; தொல்லியலாளர் வி.டி.கிருஷ்ணசாமி இந்தக் கருவிகளைப் பற்றி எழுதினார்; 1960களில் கே.டி.பானர்ஜி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது.

இத்தனை பேர் வந்தும் ஒரு கதவு மூடியே கிடந்தது. அது அடியிலிருந்த களிமண்.

அந்தக் களிமண் டைனோசர் காலத்துப் படிவம் என்று நிலவியலாளர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். அப்படியானால் அதற்குள் மனிதன் செய்த பொருள் இருக்க வழியே இல்லை. களிமண் தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிடலாம்.

1999இல் சாந்தி பப்புவும் அவருடன் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வைத் தொடங்கினார்கள். குழி சரளையைக் கடந்தது. களிமண்ணைத் தொட்டது. அங்கே அவர்கள் நிறுத்தவில்லை.

களிமண்ணுக்குள் ஒரு கைக்கோடாரி. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னும் கீழே இன்னும் சில. டைனோசர் காலம் என்ற முடிவு அந்தக் குழியிலேயே உடைந்தது. விலங்குகளின் குளம்படித் தடங்கள் பதிந்திருந்தன. நீர் எருமை, குதிரை, நீலான் ஆகியவற்றின் பற்கள் கிடைத்தன. கருவிகளோ 3,500க்கும் மேல்.

வயது என்ன? இதற்கு விடை சொன்ன முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு. வானிலிருந்து விழும் காஸ்மிக் கதிர்கள் திறந்தவெளியில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற அணுக்களை உண்டாக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுபோகும். இருந்தவை வெவ்வேறு வேகத்தில் அழியும். மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். கருவிக்கு ஏற்றதென்று அன்று அவர்கள் பொறுக்கிய அதே கல்லுக்குள் கடிகாரமும் இருந்தது. ஆறு கருவிகளை அளந்தார்கள். களிமண்ணில் உறைந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையும் ஒத்துப்போனது.

2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் நிச்சயமாக முந்தையவை. சராசரியாகச் சொன்னால் 15 லட்சம் ஆண்டுகள்.

இந்தியாவில் கைக்கோடாரிகளுக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டுகள்தான் வயது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

தூக்கி வந்தவர்கள்

வயது உலகச் செய்தியானது. அதைவிட அமைதியான இன்னொரு செய்தி அந்தக் களிமண்ணுக்குள் இருந்தது.

மெல்லிய மெல்லிய படலங்களாகப் படிந்த களிமண் அது. ஆறு கரைபுரண்டு பரவி, வேகம் அடங்கி, கலங்கல் மெதுவாக அடியில் தங்கித் தங்கி உண்டானது. அப்படி நகரும் நீருக்கு ஒரு கைக்கோடாரியை உருட்டிவரும் வலு கிடையாது. அப்படியானால் அந்தக் கருவிகளைக் கொண்டுவந்தது வெள்ளம் அல்ல. கைகள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால், பல கைக்கோடாரிகள் உருண்டைக் கல்லை நேராகச் செதுக்கிச் செய்தவை அல்ல. முதலில் ஒரு பெரும் பாறை உருண்டையிலிருந்து உள்ளங்கையைவிடப் பெரிய சில்லை ஒரே அடியில் பெயர்த்திருக்கிறார்கள். பிறகு அந்தச் சில்லின் ஓரங்களைச் சீவிக் கருவியாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெரிய அடிக்கு இரண்டு கையாலும் சுத்திக்கல்லைத் தூக்க வேண்டும். உடம்பு முழுக்க அந்த அடியில் இறங்க வேண்டும்.

ஆனால் அந்தச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்த பெரும் கருக்கற்கள் அகழாய்வுக் குழிகளில் இல்லை.

அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கோ மலைச்சரிவிலோ ஆற்றுப் படுகையிலோ ஒருவர் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்ற கல்லைத் தேர்ந்தெடுக்கிறார். பெயர்த்த சில்லுகளில் நல்லதைப் பொறுக்குகிறார். பாறையை அங்கேயே விட்டுவிட்டுச் சில்லை மட்டும் சுமந்து நடக்கிறார். சேர வேண்டிய இடத்தில் கல் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அங்கே போய் எதை அறுக்கப் போகிறோம் என்பதும் தெரியும். கண்ணெதிரில் இல்லாத ஓர் இடத்தையும், இன்னும் வராத ஒரு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டு சுமக்கிறார். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கொசஸ்தலைக் கரையில்.

அவர் யார்? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் அப்போது பூமியிலேயே இல்லை. முகம் தெரியாத அவருடைய அறிவை இந்தக் கல்லின் வழியாக மட்டுமே நாம் தொட முடிகிறது.

இந்த ஏற்பாடு நிலைத்தது. மலையும் கல்லும் மாறாமல், கைக்கோடாரியும் மாறாமல், நம் மனம் பிடித்துவைக்க முடியாத அளவு நீண்ட காலம்.

அகழாய்வுக் குழியில் இப்போது கீழிருந்து மேலே ஏறுவோம். களிமண் முடிகிறது. அதற்கு மேல் வேறு அடுக்குகள். அங்கிருந்து 7,200க்கும் மேற்பட்ட கருவிகள் கிடைத்தன. புதையுண்ட மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளந்து, 2018இல் ‘நேச்சர்’ இதழில் அந்த அடுக்குகளின் தொடக்கத்துக்கு ஒரு வயது சொன்னார்கள்: ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள்.

அந்த அடுக்குகளில் கைக்கோடாரி அரிதாகிக்கொண்டே போகிறது. அதன் இடத்தில் சிறிய சில்லுகள். கருக்கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, வேண்டிய வடிவத்திலேயே சில்லைக் கழற்றும் முற்றிலும் புதிய வித்தை.

கல் தீர்ந்துபோகவில்லை. அல்லிக்குழி மலை அங்கேயேதான் நிற்கிறது. இன்றும் குவார்ட்சைட்டை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் கைவிடாமல் பிடித்திருந்த வடிவத்தை அந்தக் கைகள் ஏன் விட்டன? கைகள் மனம் மாறினவா, அல்லது கைகளே மாறிவிட்டனவா?

(தொடரும்)